விடுதலை யாருக்கு? இந்தியத் தேசியவாதிகளிடம் சோசலிசம் செய்த வேலை

உயர்தரத்தில் வரலாறோ அரசறிவியலோ எடுத்த பிள்ளைகளிடம் இந்திய சுதந்திரப் போராட்டத்தைப் பற்றிக் கேட்டால் பெயரும் ஆண்டும் கடகடவென்று வரும். காந்தி, தண்டி, 1930. நேரு, லாகூர், 1929. பகத்சிங், தூக்கு, 1931. அதே பிள்ளைகளிடம், "வெள்ளைக்காரனை வெளியேற்றுகிற வேலைக்குச் சோசலிசம் எதற்கு? நேரு ஏன் தன்னைச் சோசலிஸ்ட் என்று சொல்லிக்கொண்டார்?" என்று கேட்டுப் பாருங்கள், வகுப்பு அமைதியாகிவிடும். பாடக்குறிப்பில் 'சோசலிசக் கருத்துகளின் தாக்கம்' என்று ஒரு தலைப்பும் அதற்குக் கீழே நாலு வரியும்தான் இருக்கும். அந்த நாலு வரியைத்தான் இங்கே விரித்துச் சொல்லப் பார்க்கிறேன். இதைப் படிக்க முன்கூட்டி எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

சோசலிசம் என்றதும் பலர் 'எல்லாருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுப்பது' என்று விளங்கிக்கொள்கிறார்கள். அது பாதிதான் சரி. தானதருமமும் பிரித்துக் கொடுப்பதுதான், அதைச் சோசலிசம் என்று யாரும் சொல்வதில்லை. சோசலிசம் கேட்பது இன்னும் அடியில் கிடக்கிற கேள்வி. பொருளை விளைவிக்கிற நிலம், ஆலை, சுரங்கம், ரயில் இவையெல்லாம் யார் கையில் இருக்கின்றன? உழைப்பவன் தன் வயிற்றுக்கு எடுத்தது போக மிஞ்சுவது யாரிடம் போய்ச் சேர்கிறது? அந்த உடைமை தனி ஆட்களிடமிருந்து சமூகத்தின் கைக்கு மாறாதவரை வறுமை தீராது என்பது சோசலிஸ்டுகளின் வாதம். கம்யூனிஸ்டுகள் அந்த மரபில் ஒரு கிளை. மார்க்சையும் லெனினையும் பின்பற்றி, தொழிலாளர் கட்சி புரட்சி செய்து ஆட்சியைக் கைப்பற்ற வேண்டும் என்றவர்கள். மற்றச் சோசலிஸ்டுகள் பலர் தேர்தல், சட்டம், தொழிற்சங்கம் என்று வேறு வழிகளையும் நம்பினார்கள்.

இலங்கையின் கிழக்கே படுவான்கரையிலோ சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கமோ வயல் வேலை தெரிந்த குடும்பத்துப் பிள்ளைக்கு இதைச் சொல்லிக் கொடுப்பது லேசு. எங்கள் பக்கத்துப் பழைய வயல் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். காணி போடியாருடையது. விதைப்பிலிருந்து வெட்டு வரை வாடியிலே கிடந்து, தண்ணீர் கட்டி, யானை விரட்டிக் காவல் பார்ப்பவர் முல்லைக்காரர். சூடு மிதித்துக் களவெட்டியில், அதாவது நெல் அடிக்கிற களத்தில், பொலி குவிந்த பிறகு அவருக்குப் பேசிய நெல் அளந்து கொடுக்கப்படும், முன்கூட்டி வாங்கிய நெல்லும் காசும் அதில் கழிபடும். இப்போது அந்தக் காணி ஒரு வெள்ளைக்காரத் துரையின் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். துரையை விரட்டிவிட்டோம், காணி நம்முடைய ஊர்ப் போடியாரிடம் வந்துவிட்டது. ஊருக்குச் சந்தோசம், கோவிலில் பூசை. ஆனால் களவெட்டியில் முல்லைக்காரருக்கு அளந்து போடுகிற நெல் கூடியதா?

துரை போனால் போதும் என்பவர் தேசியவாதி. களவெட்டியில் பங்கு பிரிக்கிற முறை மாற வேண்டும் என்பவர் சோசலிஸ்ட். 1920களிலும் 30களிலும் இந்தியாவில் நடந்ததை ஒரு வரியில் சொன்னால், இந்த இரண்டையும் ஒரே போராட்டமாக்கப் பார்த்தவர்கள் வந்தார்கள். எவ்வளவு தூரம் முடிந்தது, எங்கே நின்றுபோனது என்பதுதான் மிச்சக் கதை.

ருசியாவுக்கு முன்பே

சோசலிசம் 1917க்குப் பிறகு ருசியாவிலிருந்து கப்பலேறி வந்த சரக்கு என்று எழுதிவிடுகிறார்கள். அப்படியில்லை. 'இந்தியாவின் செல்வம் வடிந்து பிரித்தானியாவுக்குப் போகிறது' என்று கணக்குப் போட்டுக் காட்டிய தாதாபாய் நௌரோஜி புரட்சிக்காரர் அல்ல, பிரித்தானிய நாடாளுமன்றத்தில் 1892இல் உறுப்பினரானவர். அந்தப் பெரியவர் 1904இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய உலக சோசலிஸ்டுகளின் மாநாட்டுக்குப் போய் இந்தியாவின் வறுமையைப் பேசினார். 1907இல் ஸ்டுட்கார்ட்டில் நடந்த அடுத்த மாநாட்டில் ஐரோப்பாவில் வாழ்ந்த இந்தியப் புரட்சியாளர் மேடம் காமா இந்தியக் கொடி என்று ஒன்றை உயர்த்திக் காட்டினார். காலனி நாட்டுக்காரர் வாயைத் திறக்க ஐரோப்பாவில் இருந்த மேடைகள் குறைவு. கிடைத்தவற்றில் சோசலிஸ்டுகளின் மேடை ஒன்று. கொள்கையில் நாட்டம் வருமுன்பே இப்படி ஒரு பழக்கம் ஏற்பட்டுவிட்டது.

தமிழ்நாட்டில் நடந்ததைப் பார்த்தால் இன்னும் தெளிவு. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சுதேசிக் கப்பல் விட்டார் என்று வ.உ.சிதம்பரம்பிள்ளையை எங்கள் ஆட்களுக்கும் தெரியும். அவர் 1908இல் அதே ஊரில் கோரல் மில் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்கு சுப்பிரமணிய சிவாவோடு சேர்ந்து தலைமை தாங்கியதைப் பலர் மறந்துபோகிறார்கள். கூலியும் விடுமுறையும் கேட்ட தொழிலாளரும் சுதேசி இயக்கமும் ஒரே தெருவில் நடந்த ஆரம்ப காலச் சம்பவங்களில் அது ஒன்று. அதே ஆண்டு திலகருக்குத் தண்டனை விதிக்கப்பட்டபோது பம்பாய் மில் தொழிலாளர் ஆறு நாள் வேலையை நிறுத்தினார்கள். தூரத்திலிருந்த லெனின் அதைக் கவனித்து எழுதினார். ஆக, லெனினை இந்தியர்கள் கவனிக்குமுன் லெனின் இந்தியர்களைக் கவனித்துவிட்டார்.

காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தரால் விவேகானந்தரின் பெயர் எங்கள் பக்கம் நன்றாக வேரூன்றியது. அந்த விவேகானந்தரே 1890களில் ஒரு கடிதத்தில் தன்னைச் சோசலிஸ்ட் என்று சொல்லிக்கொண்டார். அது குறையில்லாத முறை என்பதற்காக அல்ல, ஒன்றுமில்லாததற்கு அரை ரொட்டியாவது மேல் என்பதற்காக என்றும் சேர்த்துக்கொண்டார். அவருக்கு மார்க்சியப் பொருளாதாரத்தில் ஆர்வம் இருந்ததாகச் சொல்ல முடியாது. ஆனால் அடித்தட்டு மக்கள் எழாமல் நாடு எழாது என்ற பேச்சு, பிற்கால இளைஞர்களின் காதில் சோசலிசம் அந்நியமாக விழாமல் செய்தது.

1917உம் 1922உம்

ருசியப் புரட்சி இந்தியாவுக்குச் செய்தியாகத்தான் முதலில் வந்தது, கோட்பாடாக அல்ல. ஜார் விழுந்தான் என்று கேட்டதும் பாரதி அதை மாகாளியின் கடைக்கண் பார்வை என்று பாடினார். 'யுகப்புரட்சி' என்ற சொல் அந்தப் பாட்டில் வருகிறது. மார்க்சும் பராசக்தியும் ஒரே பாட்டில் எப்படி என்று கேட்கலாம். பாரதிக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு பெரும் பேரரசனைச் சாதாரண சனம் கீழே இறக்கிவிட்டது என்பதுதான். இந்தியர் ஒருவருக்கு அப்போது அது போதும்.

போர் முடிந்த பிறகு விலை ஏறியது, கூலி ஏறவில்லை, வேலைநிறுத்தங்கள் பெருகின. 1920 ஒக்டோபரில் அகில இந்தியத் தொழிற்சங்க காங்கிரஸ் பம்பாயில் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் லாலா லஜபத் ராய். அதே ஆண்டு இந்தியக் கம்யூனிஸ்ட் எம்.என்.ராய் மொஸ்கோவில் லெனினோடு ஒரு விவாதம் நடத்தினார். காலனி நாடுகளில் காங்கிரஸ் போன்ற நடுத்தர வர்க்க இயக்கங்களைக் கம்யூனிஸ்டுகள் ஆதரிக்கலாமா, கூடாதா என்பதுதான் பேச்சு. ஆதரிக்கலாம் என்றார் லெனின். அவர்கள் பாதி வழியில் விட்டுவிட்டுப் போவார்கள் என்று ராய் சந்தேகப்பட்டார்.

ராயின் சந்தேகத்துக்கு இரண்டே ஆண்டில் ஒரு சான்று கிடைத்தது. இதைப் பாடநூல்கள் ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன, எனக்கென்றால் முழுக் கதைக்கும் இதுதான் திறப்பு. 1922 பெப்ரவரியில் வட இந்தியாவின் சௌரி சௌரா என்ற ஊரில் கூட்டம் பொலிஸ் நிலையத்துக்குத் தீ வைத்ததும் காந்தி ஒத்துழையாமை இயக்கத்தை நிறுத்தினார். வன்முறைதான் காரணம் என்று படிக்கிறோம். அதற்குப் பிறகு குஜராத்தின் பர்தோலியில் காங்கிரஸ் செயற்குழு போட்ட தீர்மானத்தைப் பார்த்தால், வன்முறைக்குச் சம்பந்தமில்லாத ஒரு விஷயமும் அதில் இருக்கிறது. விவசாயிகள் ஜமீன்தாருக்குக் குத்தகை கொடுக்காமல் நிறுத்துவது காங்கிரஸின் விருப்பத்துக்கு மாறானது, ஜமீன்தார்களின் சட்ட உரிமைகளில் கைவைக்கும் எண்ணம் காங்கிரஸுக்கு இல்லை என்கிறது அது. அரசாங்கத்துக்கு வரி கொடாதே என்று சொல்லத் தயாரான இயக்கம், நிலக்காரனுக்குக் குத்தகையைக் கொடு என்கிறது.

சிறைக்குப் போகத் தயாராக நின்ற ஆயிரக்கணக்கான இளைஞர்கள் அந்த மாதம் திகைத்துப்போனார்கள். கொஞ்சப் பேர் சட்டசபைப் பக்கம் போனார்கள், கொஞ்சப் பேர் துப்பாக்கிப் பக்கம். இன்னும் கொஞ்சப் பேர் புத்தகத்தைத் தேடிப் போனார்கள். அடுத்த பத்தாண்டின் சோசலிஸ்டுகளில் பலர் இந்த மூன்றாவது கூட்டத்தில் இருந்து வந்தவர்கள், அல்லது துப்பாக்கியிலிருந்து புத்தகத்துக்கு மாறி வந்தவர்கள்.

சென்னையில் அந்தத் தேடலுக்கு ஒரு பெயர் உண்டு, ம.சிங்காரவேலர். மீனவக் குடும்பத்தில் பிறந்து வழக்கறிஞரானவர். 1922 டிசம்பரில் கயா காங்கிரஸில் எழுந்து தன்னைக் கம்யூனிஸ்ட் என்று வெளிப்படையாகச் சொன்னார். 1923 மே முதலாம் திகதி சென்னையின் இரண்டு கடற்கரைகளில் கூட்டம் போட்டு மே தினம் கொண்டாடினார், இந்தியாவில் அதுவே முதல் தடவை. 1925 டிசம்பரில் கான்பூரில் கம்யூனிஸ்டுகள் கூடியபோது தலைமை வகித்தவரும் அவர்தான். கல்லடி, நாவலடிக் கரையில் இருந்து பார்க்கிற எங்களுக்கு, ஒரு மீனவர் மகன் கடற்கரை மணலில் இதைத் தொடக்கி வைத்தார் என்பதில் தனிச் சந்தோசம்.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 1924இல் கான்பூர் சதி வழக்கு. 1929 மார்ச்சில் மீரட் சதி வழக்கு, தொழிற்சங்கத் தலைவர்கள் 31 பேர் ஒரேயடியாகக் கைது. அதில் மூவர் ஆங்கிலேயர் என்பது கவனிக்க வேண்டியது. பிரித்தானியரை எதிர்த்ததற்காகப் பிரித்தானியரே கூண்டில் நின்றதைப் பார்த்த இந்தியப் பொதுமக்களுக்கு ஒரு விஷயம் விளங்கியது. சண்டை நிறத்துக்கும் நிறத்துக்கும் மட்டும் நடப்பதல்ல. வழக்கு நாலு ஆண்டு இழுத்தது. கம்யூனிசத்தை ஒடுக்கப் போட்ட வழக்கு, அதை நாடு முழுக்கப் பத்திரிகையில் அச்சடித்துக் கொடுத்ததுதான் மிச்சம்.

பகத்சிங் கேட்டது

பகத்சிங்கை நாங்கள் தொப்பியும் மீசையுமாகப் படத்தில் பார்த்துப் பழகிவிட்டோம். குண்டு எறிந்தவர், தூக்கில் தொங்கியவர், அவ்வளவுதான். அவர் எங்கே, எந்த நேரத்தில் குண்டு எறிந்தார் என்று பாருங்கள். 1929 ஏப்ரல் 8, டில்லி மத்திய சட்டசபை. அன்றைக்கு அங்கே எடுக்கப்பட்டவை பொதுப் பாதுகாப்பு மசோதா, தொழிற்பிணக்கு மசோதா என்ற இரண்டும். ஒன்று வெளிநாட்டுக் கம்யூனிஸ்டுகளை நாடு கடத்துவதற்கு, மற்றது வேலைநிறுத்தங்களைக் கட்டிப்போடுவதற்கு. யாரையும் கொல்லும் நோக்கமில்லாமல், ஆளில்லாத பக்கம் பார்த்து எறிந்து, துண்டுப் பிரசுரத்தைப் போட்டுவிட்டு, ஓடாமல் நின்று பிடிபட்டார்கள். தொழிற்சங்கச் சட்டத்துக்கு எதிராகக் குண்டு எறிந்தவர் என்று அவரைப் பற்றி எந்தச் சுவரொட்டியாவது சொல்கிறதா?

அதற்கு முந்தின ஆண்டு, 1928 செப்டெம்பரில், டில்லி பெரோஸ் ஷா கோட்லாவின் இடிபாடுகளுக்குள் அவருடைய குழு கூடியது. இந்துஸ்தான் குடியரசுச் சங்கம் என்றிருந்த பெயரில் 'சோசலிஸ்ட்' என்ற சொல்லைச் சேர்த்தார்கள். சிறைக்குள் போன பிறகு அவர் வாசித்துத் தள்ளினார். 1931 பெப்ரவரியில், தூக்குக்கு ஏறக்குறைய ஏழு வாரத்துக்கு முன், இளம் அரசியல் ஊழியர்களுக்கு அவர் எழுதியதில் களவெட்டிக் கேள்வி அப்படியே வருகிறது. இந்திய அரசாங்கத்தின் தலைமையில் முன்னைய வைசிராய் ரீடிங் பிரபு இருந்தால் என்ன, பம்பாய்ப் பெருமுதலாளி புருஷோத்தம்தாஸ் தாகூர்தாஸ் இருந்தால் என்ன? வைசிராய் இர்வின் பிரபுவின் இடத்துக்கு இந்திய வழக்கறிஞர் தேஜ் பகதூர் சப்ரு வந்தால் ஒரு விவசாயிக்கு அதில் என்ன வித்தியாசம்? அதோடு, குண்டும் துப்பாக்கியும் தனி ஆட்களின் வீரமும் புரட்சியைக் கொண்டுவராது, தொழிலாளரையும் விவசாயிகளையும் சேர்த்துக் கட்டுகிற பொறுமையான வேலைதான் வேண்டும் என்றும் எழுதினார். அப்போது அவருக்கு வயது 23. மார்ச் 23ஆம் திகதி தூக்கிலிட்டார்கள்.

நாஸ்திகம் பற்றி அவர் எழுதியதை 1930களின் நடுவில் ப.ஜீவானந்தம் தமிழில் பெயர்த்தார், பெரியாரின் இயக்கம் அச்சிட்டது, அதற்காக ஆட்கள் கைதானார்கள். பெரியாரைத் தேசியவாதி என்ற பெட்டிக்குள் போட முடியாது, அவர் அதற்குள் காங்கிரஸை விட்டு வெளியேறியிருந்தார். ஆனாலும் தமிழ் வாசகனுக்குச் சோசலிசம் வந்த பெரிய வழி அவருடையது. அவருடைய 'குடி அரசு' இதழ் 1931இல் கம்யூனிஸ்ட் அறிக்கையைத் தமிழில் வெளியிடத் தொடங்கியது. 1932இல் சோவியத் நாட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் அவர் இலங்கைக்கும் வந்து பேசிவிட்டுப் போனார்.

நேருவும் கராச்சித் தீர்மானமும்

நேரு வசதியான வீட்டுப் பிள்ளை. 1920இல் வட இந்தியாவின் அவத் கிராமங்களில் விவசாயிகளோடு நடந்தபோதுதான் இந்திய வறுமையை முகத்துக்கு முகம் பார்த்ததாக அவரே எழுதியிருக்கிறார். கொள்கை பிறகு வந்தது. 1927 பெப்ரவரியில் பிரசெல்ஸில் ஏகாதிபத்திய எதிர்ப்பு மாநாடு, அதே ஆண்டு நவம்பரில் மொஸ்கோவில் புரட்சியின் பத்தாம் ஆண்டு விழா. 1929 டிசம்பரில் லாகூர் காங்கிரஸின் தலைவராக நின்று, தான் ஒரு சோசலிஸ்ட், குடியரசுவாதி என்று சொன்னார்.

அதற்குள் உலகப் பொருளாதாரம் கவிழத் தொடங்கியிருந்தது. 1929க்குப் பிறகு விளைபொருள் விலை பல இடங்களில் பாதிக்குப் பாதி விழுந்தது. குத்தகையும் வரியும் வட்டியும் விழவில்லை. நெல் விலை விழுந்த போகத்தில் கடனைக் கட்டுவது எப்படி என்று விவசாயிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கோடிக்கணக்கானோர் வேலையில்லாமல் நிற்க, சோவியத் நாடு ஐந்தாண்டுத் திட்டம் போட்டு ஆலைகளைக் கட்டுகிறது என்ற செய்தி வந்தது. அந்தத் திட்டத்துக்குச் சோவியத் கிராமங்கள் பட்டினியாகக் கொடுத்த விலை அப்போது வெளியே அதிகம் தெரியவில்லை. தெரிந்த பாதியைப் பார்த்து இந்தியப் படித்தவர்கள் மயங்கினார்கள். இதையும் சொல்லாமல் விட்டால் அவர்களுடைய உற்சாகம் விளங்காது.

இந்தப் பின்னணியில்தான் 1931 மார்ச் கடைசியில் கராச்சியில் காங்கிரஸ் கூடியது. பகத்சிங்கின் உடல் எரிந்து ஒரு வாரம் ஆகவில்லை. வழியில் காந்திக்கு இளைஞர்கள் கறுப்புக்கொடி காட்டினார்கள். அந்த மாநாட்டில் அடிப்படை உரிமைகளும் பொருளாதாரத் திட்டமும் பற்றி ஒரு தீர்மானம் நிறைவேறியது. நேரு வரைந்தது, காந்தி திருத்தியது. வாழ்வதற்குப் போதுமான கூலி, வேலை நேரத்துக்கு எல்லை, பெண் தொழிலாளருக்குப் பாதுகாப்பு, சிறுவரை வேலைக்கு வைக்கத் தடை, சங்கம் அமைக்க உரிமை, நில வரியிலும் குத்தகையிலும் குறைப்பு, முக்கிய தொழில்களும் சுரங்கங்களும் போக்குவரத்தும் அரசின் உடைமையில் அல்லது கட்டுப்பாட்டில் இருப்பது. இவ்வளவையும் சுயராஜ்யம் என்ற சொல்லுக்குள் எழுதி வைத்தார்கள்.

அதில் ஒரு வரி எனக்குப் பிடித்தது. அரச ஊழியர் எவருக்கும் பொதுவாக மாதம் 500 ரூபாய்க்கு மேல் சம்பளம் கூடாது. முந்தின ஆண்டு தண்டிக்குப் புறப்படுமுன் காந்தி வைசிராய்க்கு எழுதிய கடிதத்தில், உங்கள் சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்கு மேல், இந்தியனின் சராசரி வருமானம் நாளொன்றுக்கு இரண்டு அணாவுக்கும் குறைவு என்று கணக்குக் காட்டியிருந்தார். வைசிராய் போனால் அந்த நாற்காலியில் உட்காரப்போகிற நம்மவருக்கும் 21,000 கிடையாது என்று முன்கூட்டியே எழுதி வைத்ததுதான் கராச்சி. முழுச் சோசலிசம் என்று அதைச் சொல்ல முடியாது, ஜமீன்தார்களை அது ஒழிக்கவில்லை. ஆனால் பர்தோலியிலிருந்து கராச்சிக்கு ஒன்பதே ஆண்டு. அந்த ஒன்பது ஆண்டில் காங்கிரஸ் எவ்வளவு நகர்ந்தது என்று பார்க்க விரும்புகிறவர் இந்த இரண்டு தீர்மானங்களையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் போதும், வேறு நூல் வேண்டாம்.

உள்ளுக்குள் இழுபறி

சட்டமறுப்பு இயக்கத்தில் நாசிக் சிறையில் கிடந்த இளைஞர்கள், காங்கிரஸை விட்டுப் போகாமல் உள்ளிருந்தே இடப்பக்கம் இழுக்க ஒரு கட்சி அமைத்தார்கள். காங்கிரஸ் சோசலிஸ்ட் கட்சி, 1934. ஆச்சாரிய நரேந்திர தேவ், ஜெயப்பிரகாஷ் நாராயணன், லோகியா, மினு மசானி, கமலாதேவி சட்டோபாத்யாய என்று பட்டியல் நீளும். கேரளத்தில் ஈ.எம்.எஸ்.நம்பூதிரிபாட், தமிழ்நாட்டில் ஜீவானந்தம், பி.ராமமூர்த்தி போன்றோர் இதன் வழியாக வந்து பிறகு கம்யூனிஸ்டுகளானார்கள். 1936இல் லக்னோவில் அகில இந்திய விவசாயிகள் சங்கம் சகஜானந்த சரஸ்வதி என்ற துறவியின் தலைமையில் தொடங்கியது. அதே ஆண்டு அதே ஊரில் முற்போக்கு எழுத்தாளர் மாநாடு, தலைமை பிரேம்சந்த். அதே லக்னோவில் காங்கிரஸ் தலைவராக நேரு பேசியது அவருடைய வாழ்விலேயே மிகச் சிவப்பான பேச்சு. மங்கலான மனிதாபிமானமாக அல்ல, அறிவியல் ரீதியான பொருளாதாரப் பொருளில் சோசலிசத்தைச் சொல்கிறேன் என்றார்.

உடனே பம்பாயில் 21 வணிகப் பெரும்புள்ளிகள் எதிர்ப்பறிக்கை விட்டார்கள். செயற்குழுவில் இருந்த பட்டேல், ராஜாஜி, ராஜேந்திர பிரசாத் உட்பட ஏழு பேர் விலகல் கடிதம் கொடுத்தார்கள். காந்தி நடுவில் புகுந்து கடிதங்களைத் திருப்பி எடுக்க வைத்தார். நேருவும் குரலைத் தணித்தார். காந்திக்கு வேறொரு வழி இருந்தது. பணக்காரர் தங்கள் சொத்தை மக்களுக்காகக் காக்கிற தர்மகர்த்தாக்களாக மாற வேண்டும் என்றார் அவர். மாறாவிட்டால் என்ன செய்வது என்று சோசலிஸ்டுகள் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

மேடையில் பேசுவது வேறு, ஆட்சியில் இருப்பது வேறு என்பது 1937க்குப் பிறகு தெரிந்தது. பம்பாய் மாகாணத்தில் காங்கிரஸ் அமைச்சரவை வேலைநிறுத்தத்துக்குக் கட்டுப்பாடு விதிக்கும் சட்டம் கொண்டுவந்தது. 1938 நவம்பர் 7ஆம் திகதி தொழிலாளர் அதை எதிர்த்து வேலையை நிறுத்தினர், பொலிஸார் சுட்டனர். பகத்சிங் எந்த வகைச் சட்டத்துக்கு எதிராகக் குண்டு எறிந்தாரோ, ஏறக்குறைய அதே வகைச் சட்டம் ஒன்பது ஆண்டில் கதர்ச்சட்டைக்காரர் கையால் வந்தது.

அன்றைய வேலைநிறுத்தத்தில் கம்யூனிஸ்டுகளின் பக்கத்தில் நின்றவர் அம்பேத்கர். ஆனால் சோசலிஸ்டுகளிடம் அவருக்குப் பெரிய மனத்தாங்கல் இருந்தது. சாதி என்பது வேலையைப் பிரிக்கிற ஏற்பாடு மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே பிரித்து ஒருவர் மேல் ஒருவராக அடுக்குகிற ஏற்பாடு என்று 1936இலேயே எழுதினார். ஒரே ஆலையில் ஒரே குவளையில் தண்ணீர் குடிக்காத தொழிலாளர் எப்படி ஒரே வர்க்கமாக எழுவார்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். இந்தியச் சோசலிஸ்டுகள் பெரும்பாலோரிடம் இதற்கு அன்றைக்குச் சரியான பதில் இருக்கவில்லை. என் பார்வையில் அவர்களுடைய மிகப் பெரிய குறை இதுதான், மொஸ்கோவை அதிகம் நம்பியதுகூட இரண்டாவது.

இதற்கிடையில் சத்தமில்லாமல் ஒரு காரியம் நடந்தது. 1938இல் காங்கிரஸ் தலைவராக இருந்த சுபாஷ் சந்திர போஸ் தேசியத் திட்டக் குழுவை அமைத்து நேருவைத் தலைவராக்கினார். சுதந்திர இந்தியாவின் ஐந்தாண்டுத் திட்டங்களுக்கு விதை அங்கேதான். 1944இல் டாட்டா, பிர்லா போன்ற முதலாளிகளே சேர்ந்து ஒரு திட்டம் வெளியிட்டார்கள் என்றால், 'திட்டமிடல்' என்ற அளவுக்குச் சோசலிசம் எல்லோரும் விழுங்கக்கூடிய மருந்தாகிவிட்டது என்று அர்த்தம். 1955 ஜனவரியில் சென்னைக்கு அருகே ஆவடியில் கூடிய காங்கிரஸ் 'சோசலிச பாணிச் சமுதாயம்' என்றது. ஜமீன்தாரி முறை 1950களின் தொடக்கத்தில் சட்டத்தால் ஒழிந்தது. நிலம் பெரும்பாலும் இடைநிலைக் குத்தகைக்காரருக்குப் போனது, கூலிக்கு வயலில் இறங்கியவருக்குக் கிடைத்தது குறைவு.

கடலுக்கு இந்தப் பக்கம்

1942 ஏப்ரலில் யப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்தன. அதே மாதம் கண்டிச் சிறையிலிருந்து இலங்கையின் இடதுசாரிக் கட்சியான லங்கா சமசமாஜக் கட்சியின் தலைவர்கள் சிலர் காவலாளி ஒருவரின் உதவியோடு தப்பினார்கள். போரை எதிர்த்ததற்காக உள்ளே போடப்பட்டவர்கள். பிறகு இரகசியமாகக் கடல் கடந்து இந்தியாவுக்குப் போய், அங்கே தங்கள் தோழர்களோடு 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தில் இறங்கினார்கள். ஹிட்லர் சோவியத் நாட்டைத் தாக்கிய பிறகு போரை ஆதரித்த இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி அந்த இயக்கத்துக்கு வெளியே நின்றது. ஆகவே அந்த ஆண்டு இந்தியத் தெருவில் சிவப்புக்கொடியோடு நின்ற கொஞ்சப் பேரில் இலங்கையர் சிலரும் இருந்தார்கள். அவர்களில் பிலிப் குணவர்த்தனவும் என்.எம்.பெரேராவும் 1943இல் பம்பாயில் பிடிபட்டார்கள்.

இந்தத் தொடர்பு திடீரென்று வந்ததல்ல. காங்கிரஸ் சோசலிஸ்ட் கட்சியின் கமலாதேவி 1937இல் சமசமாஜக் கட்சியின் அழைப்பில் வந்து மலையகத்தில் பேசினார். பிலிப் அமெரிக்காவில் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் ஜெயப்பிரகாஷ் நாராயணனோடு ஒரே காலத்தில் படித்தவர்.

அந்த பிலிப் 1956இல் பண்டாரநாயக்க அரசாங்கத்தில் விவசாய அமைச்சரானார். 1958இல் அவர் கொண்டுவந்ததுதான் நெற்காணிச் சட்டம். குத்தகைக்குச் செய்பவரை நினைத்த நேரம் வெளியேற்றக்கூடாது, காணிக்காரர் எடுக்கிற நெல்லுக்கு ஒரு உச்ச அளவு வேண்டும், நீர்ப்பங்கீடு முதலிய வயல் விஷயங்களைப் பயிர்ச்செய்கைக் குழுக்கள் பார்க்க வேண்டும் என்றது அது. வயல் நீரை மேற்பார்த்த பழைய விதானை முறையைச் சட்டம் எடுத்துவிட்டாலும் வட்டைவிதானை என்ற பெயர் எங்கள் வயல்களில் இன்னும் வாயில் இருக்கிறது. பகத்சிங் சிறையில் எழுதிய கேள்வி, பம்பாயில் பிடிபட்ட ஒருவரின் கை வழியாக இந்த நாட்டுக் களவெட்டி வரைக்கும் வந்து சேர்ந்தது என்று சொன்னால் மிகையில்லை.

சட்டம் வந்ததும் காணிக்காரர் பலர் குத்தகைக்காரரை முந்திக்கொண்டு வெளியேற்றினார்கள். அமைச்சரவைக்குள்ளும் எதிர்ப்பு. 1936இல் நேருவுக்கு எதிராக ஏழு பேர் கடிதம் கொடுத்தது போல, 1959இல் அமைச்சர்கள் பலர் பிலிப்போடு ஒரே மேசையில் உட்கார மாட்டோம் என்று நின்றார்கள். நேருவுக்காகக் கடிதங்களைத் திருப்பி எடுக்க வைக்க ஒரு காந்தி இருந்தார். பிலிப்புக்கு அப்படி யாரும் இருக்கவில்லை, அவர் அந்த ஆண்டு மே மாதம் அமைச்சை விட்டு வெளியேறினார்.